பாரம் ஏறுமுன் போட்ட கோடு

பட்டாளத்து வண்டியை ஏலத்தில் எடுப்பவர்கள் மேல் எனக்குத் தீராத எரிச்சல் உண்டு. எல்லாச் சக்கரமும் இழுக்கும், எந்தக் காட்டிலும் ஏறும் என்று பெருமையாக வாங்கி வந்துவிடுவார்கள். அடியில் என்ன இருக்கிறதென்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஏதாவது உடைந்த பிறகுதான் திருச்சுழி ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப் ஞாபகத்துக்கு வரும். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இந்த வண்டிகளுக்கு அடியில்தான் படுத்துக் கிடந்தேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தும் அதே கதிதான்.

அப்படி ஒரு வண்டியை எடுத்திருந்தவர் திருச்சுழிக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் மிளகாய் போட்டிருந்த சம்சாரி. மழை ஏமாற்றிவிட்டது. பின்பாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டாங்க்கை ஏற்றி, வீரசோழன் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிரப்பிக்கொண்டு வந்து, செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வண்டிதான் பின்னால் கடகடவென்று அடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது.

"பூவும் பிஞ்சுமா நிக்குதுண்ணே. ரெண்டு நாளைக்கு மேல செடி தாங்காது," என்றார்.

குனிந்து பார்த்தேன். பின்னால் இருக்கும் இரண்டு அச்சுகளையும் முன்னே பின்னே நகரவிடாமல் பிடித்திருப்பவை ஆறு டார்க் ராடுகள். கை கனத்துக்கு இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் ரப்பர் புஷ். ஆறிலும் ரப்பர் தேய்ந்து இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. ஆறையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டாங்க்கில் மிச்சமிருந்த தண்ணீரை வடித்துவிட்டு ஜாக்கி போட்டேன். பலகை வைத்தும் ஜாக்கி கரிசலுக்குள் இறங்கியது. இரண்டாவது பலகை, மூன்றாவது பலகை. அடியில் நின்று வேலை பார்க்கக் குழி வெட்டி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வந்த புதிதில் வெட்டினேன், முதல் மழைக்கே இரண்டு பக்கமும் சரிந்து மூடிக்கொண்டது. போல்ட்டுகளோ துருப்பிடித்துச் செத்துக் கிடந்தன. நான்கை கேஸ் வைத்து அறுத்தேன். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த ராடுகளில் இரண்டு நீளத்தில் கட்டை. திருப்பி அனுப்பி, சரியானது வந்து சேர ஒரு பகல் போனது. இதற்கிடையில் மணிக்கொரு தரம் போன். "முடிஞ்சிருச்சாண்ணே?" ஐந்தாவது போனுக்குப் பிறகு செல்லை டூல் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

பட்டாளத்தில் ஒரு வழக்கம். போல்ட்டை முறுக்கியதும் அதன் தலையிலிருந்து இரும்பின் மேல் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்போம். போல்ட் இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முறுக்கியவன் கோடு போடக் கூடாது, சரிபார்த்த இன்னொருவன்தான் போட வேண்டும். இங்கே நான் ஒற்றை ஆள். முறுக்குவதும் நான், சரிபார்ப்பதும் நான், கோடும் நான்.

இந்த ராடுகளை வண்டி தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். அச்சு தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். பாரம் ஏறி அச்சு மேலே வந்ததும் திருகித் திருகிக் கிழியும். இது எனக்குத் தெரியாததா? இதற்காகவே எத்தனை பேரை வண்டிக்கடியில் வைத்துத் திட்டியிருக்கிறேன். ஆனால் டயரை மாட்டிவிட்டால் ஸ்பானரில் செருகிய நீளப் பைப்பைத் தாராளமாகச் சுழற்ற இடமிருக்காது. அதனால் தொங்கும்போதே முறுக்கினேன். இறக்கிய பிறகு இளக்கி, திரும்ப முறுக்கிவிடலாம் என்று நினைத்தேன். கோட்டையும் கையோடு போட்டேன். டயரை மாட்டி இறக்கும்போது அவர் வந்து நின்றார்.

"பதினோரு மணிக்கு அந்தத் தோட்டத்துல கரண்டு வந்துரும். இப்பக் கெளம்புனாத்தான் தண்ணி," என்றார்.

எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போங்க என்றேன்.

நான்காம் நாள் வண்டி காலியாக, நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவர் இறங்கியதும் எனக்கே சமாதானம் சொன்னார்.

"ஒங்க கோடு இம்மிகூட நகரலண்ணே. நானே படுத்துப் பாத்தேன். மதுரக் கடைக்காரன்தான் டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்திட்டான். போயி நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

அடியில் போய்ப் பார்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. இரண்டு ராடுகளில் ரப்பர் திருகிக் கிழிந்து தொங்கியது. கடைக்காரன் மேல் பழி போக விட்டிருக்கலாம். கிழிந்த ரப்பரில் ஒரு துண்டைப் பிய்த்துக் கையில் எடுத்தேன். பிறகு வெளியே வந்தேன்.

"சாமான் நல்ல சாமான்தான். பாரம் ஏத்தி, டாங்க்கு நெறஞ்சு நிக்கும்போது டைட் வச்சிருக்கணும். நான் வைக்கல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நெறச்சுத் திரும்ப இங்க கொண்டாந்திருப்பேனேண்ணே," என்றார். பிறகு, கேட்காமலே சொன்னார், "கெழக்க ஒரு ஏக்கர் பூ பூராம் கொட்டிப்போச்சு."

மறுநாள் காலையில் இரண்டு புது ராடுகளை மாட்டி, டயரோடு இறக்கி, பக்கத்துத் தோட்டத்து பம்புசெட்டிலிருந்து ஹோஸ் இழுத்து டாங்க்கை நிரப்பினோம். வண்டி அமுங்கி நின்றது. கிழியாமல் இருந்த மற்ற நான்கையும் இளக்கிவிட்டு, பைப் டயரில் இடிக்க இடிக்க, கால் சுற்று கால் சுற்றாகப் பன்னிரண்டு முனையையும் முறுக்கினேன். கை தோல் உரிந்தது. என்மேல் இருந்த ஆத்திரத்தில் அது வலிக்கவும் இல்லை.

பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அவரிடம் நீட்டினேன். "நீங்க போடுங்க."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் வந்தார். ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்து, பதமாகக் கோடு இழுத்துக்கொண்டே வந்தார். கடைசி முனையில் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இது நெசமாவே டைட்டு வச்சதுதானண்ணே?"

பைப்பை எடுத்து, அவர் கண் முன்னாலேயே இன்னொரு தடவை இழுத்துக் காட்டினேன்.