அயர்லாந்துக் கோட்டைச் சுவரும் சிகாமணி மேஸ்திரியும்

இது நடந்த கதை, ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். உதியன்குளங்கரையில் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். இழுக்காமல் எனக்கு எதுவும் ஒட்டாது.

ஞானசிகாமணி மேஸ்திரி நாற்பது வருஷம் இந்தப் பக்கத்தில் சுவர் கட்டினவர். அதையெல்லாம் வரிசையாக வைத்தால் டெல்லிக்குப் போய்த் திரும்பலாம். மனைவி இறந்தபின், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லிஷா, பேத்தியைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூட்டிப்போனாள்.

அங்கே வருஷத்துக்கு முன்னூற்று எழுபது நாள் மழை. மூன்று ஸ்வெட்டர் போட்டால் மூன்றாவது ஸ்வெட்டருக்கும் குளிரும். பேத்தியைப் பள்ளியில் விட்டு வந்தால் பேச ஆள் இல்லை. லிஷா டூட்டி முடிந்து வந்து, தின்னவும் தெம்பில்லாமல் படுத்துவிடுவாள். மேஸ்திரிக்கும் அலுப்பு. வேலை செய்த அலுப்பு தூங்கினால் போகும். இது சும்மா இருந்து வந்த அலுப்பு.

வீட்டுக்குப் பின்னால் ஒரு இடிந்த கோட்டை. அவருக்குப் போய் உட்கார இருந்த ஒரே இடம் அது. ஐந்நூற்றைம்பது வருஷம் முன்னால் அந்த ஊர்த் தலைவன் ஒருத்தன் கட்டினது. பிறகு பட்டாளம் வந்து பீரங்கியால் ஒரு பக்கத்தைத் தகர்த்தது. மிச்சத்திலும் கொஞ்சம் கல்லை ஊர்க்காரர்கள் மாட்டுத்தொழுவம் கட்ட உருவிப்போனார்கள். இப்போது இருப்பது மூன்று சுவர், பாதிப் படிக்கட்டு, மேலே ஆகாயம். உச்சிக்குப் பறந்த காக்கா பென்ஷன் வாங்கின பிறகுதான் கீழே வரும், அவ்வளவு உயரம்.

"கீழ கட்டினவன் நல்ல வேலைக்காரன். மேல கட்டினவனுக்கு வீட்டுக்குப் போற அவசரம் ஆக்கும்" என்பார் மேஸ்திரி.

மேற்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். மழை வந்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்தச் சுவரடியில்தான் ஒதுங்கும், பேத்தியும்தான்.

"மோளே, அந்தச் சுவரு நவருது" என்றார் லிஷாவிடம்.

"அது அஞ்ஞூறு வருஷமா நிக்குது அப்பா. நான் ஒறங்கட்டு."

நம் ஊரில் செய்வதை மேஸ்திரி அங்கேயும் செய்தார். விரிசலுக்குக் குறுக்கே இரண்டு விரல் அகலத்தில் சிமென்ட் பூசி, தேதியைக் கீறிவைத்தார். சுவர் நகர்ந்தால் அது உடையும். பதினோராம் நாள் உடைந்தது. அதைக் காட்டி லிஷாவை விட்டு, கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஆபீஸுக்கு போன் செய்ய வைத்தார்.

நாலு அதிகாரிகள் வந்தார்கள். விரிசலைப் பார்க்குமுன் சிமென்டைப் பார்த்தார்கள். பழைய கல்லைச் சிமென்ட் அரித்துவிடுமாம், அரசாங்கம் பாதுகாக்கும் கோட்டையில் கைவைப்பது குற்றமாம். அப்பாவுக்காக லிஷா அந்த அதிகாரிகள் முன்னால் நின்று மன்னிப்புக் கடிதம் எழுதினாள். அப்புறம்தான் விரிசலை அளந்து, கோட்டையைச் சுற்றி வேலிபோட்டுப் பூட்டினார்கள். மேஸ்திரிக்கு உட்கார இடம் போயிற்று. மகள் முகம் கொடுத்துப் பேசுவதும் போயிற்று. அடுத்த மாசம் ஊருக்கு வந்துவிட்டார்.

இப்போது நாலு வருஷம். ஞாயிறுதோறும் போனில் லிஷாவிடம் கேட்பது ஒன்றுதான்: "சுவரு விழுந்துதா?" விழுந்தால், அப்பா சொன்னது சரி என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள். அதற்குத்தான் காத்திருக்கிறார்.

போன ஞாயிறு என் கடையில் இந்தக் கதையை நான் இங்கேவரை சொல்லிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியும் பெஞ்சில் இருந்தார். ஆட்டோக்காரன் பொன்னப்பன் கேட்டான்.

"எலே சிகாமணி, இன்னைக்கு என்ன சொன்னா?"

"நிக்குதாம்."

"பின்ன எதுக்குடே மோளுக்க மானத்த வாங்கின? சும்மா இருந்திருந்தா இப்பவும் பேத்தி கூட இருந்திருப்பியே."

டயரோடு வந்திருந்த ஷிஜு நிமிர்ந்தான். "அண்ணன் பேசுதது நியாயமில்ல. வேலி போட்டதினால பிள்ளையளு அடியில போவல்ல. அது போதாதா?"

"விழாத சுவருக்கு வேலி எதுக்குடா?"

"உங்க பேத்தி அதுக்க அடியில நின்னா இப்பிடிப் பேசுவியளா?"

"எனக்க பேத்தியப் பேசாத, கேட்டியா."

"பேசினா என்ன செய்வியோ?"

பொன்னப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். ஷிஜு டயரைக் கீழே போட்டான்.

"எலே, ரெண்டுபேரும் இருங்க" என்றார் மேஸ்திரி, பெஞ்சை விட்டு எழாமலே. அதற்குள் பொன்னப்பனின் கை ஷிஜுவின் சட்டைக்கு வந்துவிட்டது. அயர்லாந்தில் விழாத சுவருக்கு உதியன்குளங்கரையில் அடிதடி.