கத்தி வந்த கல்யாணம்

எனக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி ஊருக்குள் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நான் அவரை ஊசி போட்டே கவிழ்த்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. அப்போது தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். அவர் காய்ச்சலோடு வந்தார், ரத்தம் எடுத்தேன். ரிசல்ட் வாங்க வந்தார். பிறகு ரிசல்ட் எதுவும் இல்லாமலேயே வந்தார். நடந்தது இவ்வளவுதான். ஆறு மாதம் பைக்கை வாசலில் நிறுத்திக் காத்துக் கிடந்தவர் அவர். ஆனால் வளைத்துப் போட்டவள் நான், மயக்கியவள் நான், காரியக்காரி நான். அவருக்கு மட்டும் ராஜா மனசு.

காரணம், அவர் அரண்மனைக்காரர். நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு ஊரை, அதைச் சுற்றியிருந்த கிராமங்களையும் சேர்த்து, அவருடைய முன்னோர்கள் ஒரு காலத்தில் ஆண்டார்களாம். நிலமெல்லாம் உச்சவரம்புச் சட்டத்திலும் பாகப்பிரிவினையிலும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பெரிய முன்வாசல், ஒரு கூடம், அதற்குப் பின்னால் மழைக்கு ஒழுகும் நாலு அறைகள், தேர்த் திருவிழா நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'ராஜா' என்று ஒரு சொல். அந்த ராஜா ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வலங்கைமான் பக்கத்துக் கடைகளுக்கு யூரியா வந்ததா, பொட்டாஷ் போனதா என்று வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நாங்கள் கீழ்வேளூர்ப் பக்கம். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். பிறகு இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தானே சாகுபடி செய்ய ஆரம்பித்தார். அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். என்னை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தது அந்த இரண்டு பேருடைய முதுகு. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை. மற்றவர்கள்தான் அதை எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

பரிசோதனை நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ராணியம்மாவுக்கு டீ சூடு போதுமா என்று கேட்டார்கள். முதல் பத்துத் தடவை நானும் சிரித்தேன். ராஜ ரத்தம் என்ன நிறம் என்று ஒருவர் கேட்டார். ஓ பாசிட்டிவ், உங்களுக்கும் அதுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்கள், அப்படி என்னத்தைக் காட்டி மயக்கினாளோ என்று என் காதுபடவே பேசினார்கள். திரும்பிப் பார்த்தேன். அதில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. எனக்கு மாமா முறை ஆகிற ஒருவரின் பெண்சாதி.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது, அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம்பொண்ணு சாமர்த்தியக்காரி, அரண்மனையவே புடிச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு பெருமை. வீட்டுக்குள் வந்ததும் நான் கத்தினேன், நான் பிடிப்பதற்கு அது என்ன கோழியா என்று. அம்மாவுக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை. பாராட்டித்தானே சொன்னேன் என்றார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அவருக்கு அம்மா இல்லை. சிறு வயதிலேயே போய்விட்டார். அப்பாவும் காலமாகிவிட்டார். அவரை வளர்த்தது, அந்த வீட்டை நடத்தியது எல்லாம் அப்பாவின் அக்காதான். அத்தை எங்கள் கல்யாணத்தை எதிர்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். போனில் என்னை "வாம்மா, போம்மா" என்று மரியாதையாகத்தான் பேசினார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு தடவை, "எங்க வழக்கப்படி முகூர்த்தத்துல முதல்ல கத்திதான் வரும், உனக்குச் சம்மதந்தானேம்மா" என்று கேட்டார். ஏதோ குலதெய்வத்துக் கத்தியை வைத்துக் கும்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, சரிங்கத்தை என்று சொல்லிவிட்டேன். நான் செய்த தப்பு அது. விவரம் கேட்காமல் தலையாட்டியது.

அப்பாவுக்கு அந்தச் சேதி பிடித்துப்போய்விட்டது. என் மகளுக்காக அரண்மனைக் கத்தியை வெளியே எடுக்கிறார்களாம் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னார். ஊரில் பாதிப் பேர் அந்தக் கத்தியைப் பார்க்கவே கல்யாணத்துக்கு வரத் தயாரானார்கள்.

அடுத்த வாரம் பட்டுப்புடவை கொடுக்க அத்தை என்னை வரச் சொல்லியிருந்தார். நான் போன நேரம் அவர் பூஜையில் இருந்தார். கூடத்தில் காத்திருந்தேன். சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். மீசையும் தலைப்பாகையுமாக ராஜாக்கள், பக்கத்து நாற்காலியில் நகை போட்ட பெண்கள். சில படங்களில் நாற்காலிக்குப் பின்னால் வேறு சில பெண்கள் நின்றார்கள். அவர்களும் பட்டுத்தான் கட்டியிருந்தார்கள், கழுத்தில் தாலியும் இருந்தது. ஒரு படத்தில் நிற்கிற பெண்ணின் இடுப்பில் குழந்தை. உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கீழே பெயர் எழுதியிருந்தது, நின்றவர்களுக்கு எழுதவில்லை.

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நிற்பவர்கள் யார், தோழிகளா என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் கத்தி கட்டுனவங்கங்க. சமமில்லாத எடத்துலேர்ந்து பொண்ணு எடுத்தா ராஜா மணவறைக்கு வரமாட்டாராம். கத்திய அனுப்பிவிடுவாராம். கத்திய மாப்பிள்ளையா வெச்சுத் தாலி கட்டுவாங்களாம். அவங்க பெத்த புள்ளைங்களுக்குக் கோயில்ல மரியாதை கெடையாது, சொத்துல பங்கும் கெடையாது."

சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். நான் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். நானும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன் என்பது உறைத்ததும் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அத்தை வந்து புடவையைக் கொடுத்தார், வெற்றிலை பாக்கு கொடுத்தார், தலையைத் தடவினார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். அந்த வீட்டில் அழக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

அன்றைக்கே அவருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, அத்தை ஆசைப்படுகிறார், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும், எப்படியும் கல்யாணத்தைப் பதிவு செய்யத்தானே போகிறோம் என்றார். பதிவு செய்தால் சட்டத்துக்கு நான் மனைவி, உங்கள் கூடத்துக்கு யார் என்று கேட்டேன். நம் குழந்தை எந்தப் படத்தில் இருக்கும் என்று கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. பிறகு, நான் அத்தையிடம் பேசிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்றார். இரண்டு நாள் கழித்து, பேசிவிட்டேன் என்றார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, பத்திரிகை அடித்தாயிற்று, அப்பா நடவுக்கு வைத்திருந்த பணத்தில் பந்திக்கு அரிசி வாங்கியாயிற்று.

கல்யாணம் அரண்மனை முன்வாசலில் பந்தல் போட்டு நடந்தது. எங்கள் ஊரிலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் வந்திருந்தார்கள். என்னை மணையில் உட்கார வைத்தார்கள். பக்கத்து மணை காலியாக இருந்தது. அவர் பட்டு வேட்டியோடு பந்தல் காலுக்குப் பக்கத்தில், விருந்தாளிகளோடு விருந்தாளியாக நின்றுகொண்டிருந்தார். மாலை மட்டும் கழுத்தில் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து அத்தை தாம்பாளத்தோடு வந்தார். அதில் சிவப்புத் துணி விரித்துக் கத்தி. கைப்பிடியில் மஞ்சள் கயிறு சுற்றி, அதில் என் தாலி. கூட்டம் எழுந்து நின்றது. என் அம்மா ஓடிவந்து அந்தக் கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மாவுக்கு அதன் அர்த்தம் தெரியாது. நான் வீட்டில் சொல்லவில்லை. அத்தையிடம் பேசிவிட்டதாக அவர் சொன்ன பிறகு எதற்கு இவர்கள் மனதையும் கெடுக்க வேண்டும் என்று விட்டிருந்தேன். அம்மாவின் முகம் முழுக்கச் சந்தோஷம்.

அத்தை கத்தியைக் காலி மணையில் வைக்கக் குனிந்தார்.

"அத்தை, அங்க வைக்காதீங்க. அது அவரு உக்கார்ற எடம்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முன் வரிசைக்குக் கேட்டது. அத்தை முகம் மாறாமல், "இது இந்த வீட்டு வழக்கம்மா. ராணிங்களே ஒத்துக்கிட்ட வழக்கம்" என்றார்.

"ராணிங்க உக்காந்திருந்தாங்க அத்தை. ஒத்துக்கிட்டது நின்னவங்க. கூடத்துல நான் பாத்தேன்."

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்தேன்.

"நீங்க வந்து உங்க கையால கட்டுங்க. இல்லன்னா நான் எங்கப்பாகூட வேன்ல ஏறிடுறேன்."

தவில்காரர் குச்சியை ஓங்கியபடி கெட்டிமேளத்துக்குக் காத்திருந்தார். அப்பா மணவறைப் பக்கம் இரண்டடி வந்துவிட்டார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா என் தோளை அழுத்தி, வாயை மூடு என்று காதில் சொன்னார். பந்தல் காலடியில் நின்ற அவர் அசையவில்லை. அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அத்தையைப் பார்த்தார்.

ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடம் எனக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரியும், தினமும் ஐம்பது அறுபது பேருக்குக் கட்டி அவிழ்த்த பழக்கம். அவர் அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

பிறகு வந்தார். கத்தியிலிருந்து தாலியை அவிழ்க்க முடியாமல் திணறினார், முடிச்சு இறுகிப் போயிருந்தது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார். மணையில் உட்கார்ந்து என் கழுத்தில் கட்டினார். அவருக்குக் கூடப் பிறந்த பெண் இல்லாததால், நாத்தனார் முறைக்கு மூன்றாவது முடிச்சு அத்தைதான் போட்டிருக்க வேண்டும், அவர் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த யாரோ, ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

அம்மா என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. பெரிய இடத்தில் வாயை அடக்கத் தெரியவில்லை, கிடைத்த மரியாதையைக் காலால் எட்டி உதைத்தாள் என்று அவருக்கு வருத்தம். மறுபடி பேச ஆரம்பித்ததும், படங்களில் நின்றவர்களைப் பற்றி எடுத்துச் சொன்னேன். நின்றால் என்ன, அரண்மனைக்குள்தானே நின்றார்கள் என்றார். நான் அதற்குப் பிறகு விளக்கவில்லை.

ஊர் எனக்குப் பெயரை மாற்றியது. முன்பு மயக்கியவள், இப்போது மணவறையிலேயே மிரட்டித் தாலி வாங்கியவள். மயக்கியவளுக்காவது ஒரு அழகு இருக்க வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். அவருக்கு மட்டும் ராஜா மனசு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவு பேர் முன்னால் அவமானப்பட்டும் பொறுத்துக்கொண்டாராம்.

எங்கள் கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்டுவது பற்றி அத்தை பேச்சே எடுக்கவில்லை. ஒரு வருடம் பார்த்தேன். பிறகு நானே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தேன். படத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். கீழே இரண்டு பெயரையும் எழுதி ஒட்டினேன். அத்தை கடைசி வரைக்கும் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமலே நடந்தார். ஆனால் அவர் படுக்கையில் விழுந்தபோது, ஊசி போடுவதற்கு என்னைத் தவிர யாரையும் கையைத் தொட விடவில்லை. அது பாசமா, நான் போட்டால் வலிக்காது என்பதாலா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது என்னை அதிகமாக உறுத்துவது ஊர்ப் பேச்சு இல்லை. அவருடைய பேச்சு. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டு முடித்ததும், இவள் அன்றைக்கு என்னை மிரட்டிய மிரட்டில் என்று ஆரம்பித்துவிடுவார். தவில்காரர் குச்சியை ஓங்கியது, பல்லால் முடிச்சை அவிழ்த்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவார். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. என் சம்பளத்தைக் கேட்டதில்லை, எங்கள் ஊருக்கு வந்தால் அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆனால் அந்த ஒரு நிமிடம் மட்டும் அவர் கதையில் வருவதே இல்லை.

இந்த மாட்டுப்பொங்கலுக்கு அவருடைய கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில்தான் இலை போட்டோம். பாயசம் பரிமாறும்போது அவர் கதையை ஆரம்பித்தார். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வழக்கமாக எழுந்து ஓடிவிடுவாள், அன்றைக்கு இலை முன்னால் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். எல்லோரும் சிரித்து முடித்ததும், சாதாரணமாக, ஹோம்வொர்க்கில் சந்தேகம் கேட்பதுபோல அவரிடம் கேட்டாள்.

"அம்மா சொல்லாம இருந்திருந்தா நீங்க வந்திருப்பீங்களாப்பா?"

அவர் முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரத்தில் நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றிவிடுவேன், அது எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பாயச வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலம்மா" என்றார்.

வந்திருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வந்திருக்க மாட்டார் என்றுதான் நான் இத்தனை வருடமும் உள்ளுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன். மகள் கொஞ்சம் நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, "எவ்ளோ நேரம் நிப்பே, உக்காரும்மா" என்றாள்.