உதடு பார்த்துக் கேட்டவள்

அவள் பஞ்சாலையில் நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே இருந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்ப்பார்கள். அப்படியே காது மந்தமாகிக்கொண்டு வந்தது அவளுக்கே தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் முகத்தைப் பார்த்துப் பட்டென்று பதில் சொல்லிவிடுவாள்.

அவள் கணவர் பேருந்து ஓட்டியவர். வாயைத் திறந்தால் வேடிக்கைதான். அவர் கதை சொன்னால் வீட்டில் முதல் சிரிப்பு அவளுடையதாகத்தான் இருக்கும்.

எப்போது என்று சொல்ல முடியாமல் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

“எம்மேல ஏதாவது கோவமா?” என்று ஒருநாள் கேட்டார்.

“அப்பவே சாப்பிட்டுட்டேனே” என்றாள் அவள்.

மகள் அவரைத் தனியே அழைத்துப்போய், “அப்பா, அம்மாவுக்கு ஞாபகம் தப்புதோன்னு பயமா இருக்கு” என்றாள்.

மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். முகக்கவசம் போட்டிருந்த டாக்டரம்மா கேட்ட எதற்கும் அவள் பதில் சொல்லவில்லை, கணவரையே பார்த்தாள். டாக்டரம்மா கவசத்தைக் கழற்றி, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் எதிரே நெருங்கி உட்கார்ந்து மறுபடி கேட்டார். இந்த முறை எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் வந்தது. மகளின் வயது, பேரன் படிக்கும் வகுப்பு, காலையில் போட்ட மாத்திரை எல்லாம் சொன்னாள்.

காதையும் கண்ணையும் சோதித்தபின் டாக்டரம்மா சொன்னார்: “ஞாபகம் நல்லாவே இருக்கு. காது ரொம்ப வருஷமாவே சரியா கேக்கல. கண்ணை வச்சு சமாளிச்சிருக்காங்க. இப்ப புரை விழுந்து கண்ணும் மங்கிடுச்சு. ஆலைச் சத்தம், வயசு, இத்தனை வருஷச் சர்க்கரை, எல்லாம் சேர்ந்துக்கிச்சு. சர்க்கரை கண்ணை மட்டுமில்ல, காதையும் கெடுக்கும்.”

அன்று மாலை வீட்டில் கணவர் அவள் எதிரே உட்கார்ந்து, “ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

“நீங்க பேசுனா வேடிக்கையாத்தான் இருக்கும்னு புரியாமலே சிரிச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். “உங்க அண்ணன் தவறிப்போன சேதியைச் சொன்னீங்க பாருங்க, அன்னைக்கும் சிரிச்சுட்டேன். உங்க முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் விளங்குச்சு. அதோட சிரிக்கவே பயமாயிடுச்சுங்க.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை, இளவயதிலிருந்து உதட்டை மூடிக் கிடந்த அடர்ந்த மீசையைச் சுத்தமாக மழித்துவிட்டு வந்து நின்றார். அவள் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

“இப்படி ஒரு வாய் இருக்கிறதை இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருந்தீங்களா?”

புரையை எடுத்தார்கள். சர்க்கரை அரித்த பார்வை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. காதுக்கருவியை முதலில் மாட்டிய அன்று, “பாத்திரம் வைக்கிற சத்தம் மண்டையைப் பொளக்குது” என்று கழற்றி மேசையில் போட்டாள். மகள் கெஞ்சிக் கூத்தாடி, கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பழக்கினாள்.

இப்போது விளக்கைப் போட்ட பிறகுதான் அவர் கதையைத் தொடங்குகிறார். பாதியில் அவள் கையை உயர்த்தி, “அந்த இடம் புரியல, திரும்பச் சொல்லுங்க” என்பாள். அவரும் சலிக்காமல் முதலிலிருந்தே சொல்வார்.