ஜெசிந்தாவைத் திருப்பி அனுப்பிய திங்கட்கிழமை

இந்தப் பத்தியில் இதுவரை மற்றவர்கள் விட்ட பிழைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்தக் கிழமை என்னுடையது.

பிரெஞ்சு புழங்கும் டோர்வல் நகரில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இந்த நாட்டில் வேலை செய்ய இவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? அந்த ஒரு கேள்விதான். சின் நம்பர், அதாவது அரசாங்கம் தரும் சமூகக் காப்புறுதி இலக்கம், ஒன்பதில் தொடங்கினால் ஆள் தற்காலிகமாக இருப்பவர் என்று அர்த்தம். உடனே வேலை அனுமதிப் பத்திரத்தை, வேர்க் பெர்மிட்டை, வாங்கி முடிவுத் திகதியைப் பார்க்க வேண்டும். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று பெருமை வேறு.

உண்மையில் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆறு பேர் முதல் நாள் வேலைக்கு வந்திருந்தார்கள். ஐந்தாவதாக என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் ஜெசிந்தா. மன்னார்ப் பக்கம். முப்பது வயது இருக்கும். அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்.

"அண்ணை தமிழோ?" முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"ஓம்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு முன் வந்த நாலு பேரோடும் சிரித்துக் கதைத்தவன், இவரிடம் மட்டும் சிரிக்கவில்லை. ஏன்? பக்கத்து மேசையில் என் மேலாளர் நத்தலி இருந்தார். நம்மவருக்குச் சலுகை காட்டுகிறான் என்று அவர் நினைத்துவிட்டால்...? அலுவலகக் கதிரை கிடைத்த நம்மில் பலருக்கு இந்த வியாதி உண்டு. மற்றவர்களுக்குச் சிரிப்பு, நம்மவருக்கு முறைப்பு. அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

பெர்மிட்டைப் பார்த்தேன். முடிந்து பன்னிரண்டு நாள்.

"இது முடிஞ்சு போச்சு."

"ஓம் அண்ணை. ஆனா முடியமுதலே நீடிப்புக்குப் போட்டிட்டன். இந்தாங்கோ, இமிகிரேஷன்காரர் அனுப்பின கடிதம்—"

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். புதுப் பெர்மிட் வந்தாப் பிறகு வாங்கோ."

"இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்..."

கடிதத்தை நீட்டியபடியே இருந்தார். நான் வாங்கவில்லை. "அடுத்த ஆள்" என்றேன்.

அவர் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மெதுவாக வைத்தார். மூலை மடியாமல். பிறகு எழுந்து, "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்காக எனக்கு நன்றி? அன்று அதை யோசிக்கவே இல்லை. மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை, ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா அதே கதிரையில் உட்கார்ந்தார். அதே மாதிரி முடிந்த பெர்மிட். அதே பதிலைப் பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா எழும்பவில்லை. தன் கடிதத்தை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்தார். ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"வாசியுங்கள், மிஸ்யூ."

வாசித்தேன். பெர்மிட் முடியுமுன் நீடிப்புக்கு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளின்படியே தொடர்ந்து வேலை செய்யலாம் — தெளிவாக இருந்தது. நத்தலியிடம் காட்டினேன். "ஆமாம், அது சரிதானே. உனக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதுதான். அந்தத் திங்கட்கிழமை அது என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. வரவிடவில்லை என்பதுதான் முழு உண்மை.

அந்த அம்மாவை வேலைக்கு அனுப்பிவிட்டு நத்தலியிடம் ஜெசிந்தாவைத் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அந்தப் பெண்ணைக் கூப்பிடு" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை வரவிருந்தவர்களின் பட்டியல் இன்னும் எறியப்படாமல் கிடந்தது; அதிலிருந்த இலக்கத்துக்கு நாலு தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. என் கைபேசி இலக்கத்தைச் சொல்லிச் செய்தி வைத்தேன். அடுத்த நாள் வேறொரு பெண் கூப்பிட்டார். ஜெசிந்தாவின் பக்கத்து வீட்டு மேரி அக்கா. குரலிலேயே கோபம்.

"ஏன் அந்தப் பிள்ளைக்கு விடாம அடிக்கிறியள்? அவளைப் பற்றி இமிகிரேஷனுக்கு அறிவிச்சிட்டியளோ?"

விளங்கப்படுத்தினேன்.

"இதை அவளுக்கு நேர சொல்லுங்கோ. வீட்டை வேண்டாம். மெட்ரோவடிக்கு வாங்கோ."

ஞாயிறு பின்னேரம், அவர்கள் இருக்கும் லாசாலுக்குக் கிட்டிய மெட்ரோ வாசலில் நின்றேன். மேரி அக்காவோடு ஜெசிந்தா வந்தார். கையைப் பிடித்தபடி மூன்று வயது மகள். என்னைக் கண்டதும் பிள்ளையைத் தன் பின்னால் நகர்த்தினார். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை.

அந்தப் பதின்மூன்று நாளும் அவர் எப்படி இருந்தார் என்பதை மேரி அக்காதான் சொன்னார். வேலைக்காகவென்று அந்தத் திங்கட்கிழமைதான் பிள்ளையைக் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சேர்த்திருக்கிறார். அடுத்த நாளே நிறுத்திவிட்டார். ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. கதவைத் தட்டினால் மூச்சுக்கூட விடுவதில்லை. இரண்டு ஞாயிறும் பூசைக்கும் போகவில்லை. நான் அரசாங்கத்துக்கு அறிவித்திருப்பேன், ஆட்கள் வந்து பிடித்துப் போவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் களவா இருக்கேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு நாள்கூட இல்லை. உங்கட கடிதம் சரி. நான்தான் வாசிக்கேல்லை."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தா நான் மறுத்துக் கதைச்சிருப்பன் அண்ணை. எனக்குத்தான் பாஷை விளங்கேல்லையாக்கும் எண்டாவது நினைச்சிருப்பன். நீங்கள் தமிழில சொன்னபடியா அப்பிடியே நம்பிட்டன்."

 

வேலைக்கு வரச் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டார் — தனக்கு வேலை செய்ய உரிமை இருக்கிறது என்று எழுத்தில் வேண்டும், என் கையெழுத்தோடு. பிரெஞ்சில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினேன். அடுத்த தொகுதி ஆட்களோடு அவர் வந்தபோது, தமிழில் எழுதியதை என்னைக் கொண்டே சத்தமாக வாசிப்பித்தார். முழுவதையும் கேட்டார். அதன் பிறகுதான் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

நத்தலி இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்: இரண்டு பேர் ஆவணங்களை முழுவதும் வாசிக்காமல் ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. நல்ல விதி. ஆனால் இந்தப் பதினொரு வருடத்தில் இன்னும் எத்தனை பேரை இப்படி அனுப்பியிருப்பேன்? தெரியாது. வேலை கிடைத்தவர்களுக்குத்தான் எங்களிடம் கோப்பு இருக்கிறது. திரும்பிப் போனவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

பிள்ளை மறுபடி கார்டரிக்குப் போகிறது. ஜெசிந்தா குளிர் அறைப் பகுதியில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறார். கெட்டிக்காரி என்று அங்கே பெயர். எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே "பொன்ஜூர்" சொல்கிறார். என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் உரிமை. அதைச் சரிபார்க்கும் அதிகாரம் எனக்கில்லை.