பெயருக்குப் பக்கத்தில் ஒரு ரிஜெக்டட்

ரிஜெக்ட் என்றால் வேண்டாமென்று தள்ளுவது. நல்ல தமிழில் நிராகரிப்பு என்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை செய்பவனுக்கு அந்த இங்கிலீஷ் சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூளையிலிருந்து இறக்கும் சாமானைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பதுதான் என் வேலை. கணீரென்றால் நல்லது. செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசல். 'ரிஜெக்டு' என்று சொல்லிச் சுவருக்குப் பின்னால் கொட்டிவிடுவோம். அதுவும் வெந்த சாமானுக்குத்தான். வேகாத பச்சை மண்ணாக இருக்கும்போது கோணிப்போனால் அப்படிச் சொல்லமாட்டோம். தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி வார்ப்போம்.

இந்த வருஷம் என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். இங்கிலீஷில் கேள்வி கேட்டார்கள். பாதிக்குப் பதில் சொன்னாள், பாதிக்குச் சிரித்தாள். அப்புறம் ஒருநாள், விண்ணப்பித்த பெற்றோர் எல்லாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் முடிவைப் போட்டார்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் செலக்டட். என் மகள் பெயருக்குப் பக்கத்தில் ரிஜெக்டட். சிவப்பு எழுத்து.

இடம் இல்லையென்றால் இல்லை, அதற்குக் கோபப்பட மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம், என் போனில் அதைப் பார்த்துவிட்ட சின்ன மகன் அக்காவைக் கூப்பிட்டான்: "ஏய் ரிஜெக்டு, அந்த ரிமோட்ட எடு."

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள், எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். அவன் சொன்னதைவிட அவள் எடுத்துக் கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஆபீஸில் இருந்த மேடம் சொன்னார்: "சார், அது ஃபார்மலா போடற வார்த்த. எல்லா ஸ்கூல்லயும் அப்டித்தான்."

"ஃபார்மல்னா மரியாதைங்களா, மரியாத கெட்டதுங்களா?"

"கோச்சுக்காதீங்க. அப்ளிகேஷனத்தான் ரிஜெக்ட் பண்ணோம்."

"அப்ளிகேஷனுக்கு நம்பர் இருக்குதுல்ல? அதும் பக்கத்துல போடறது. எம்பொண்ணு பேரு பக்கத்துல ஏன் போட்டீங்க?"

"சரி, டெலிட் பண்ணிடறேன்."

"பாத்தவங்க கண்ணுலேர்ந்து எப்டி டெலிட் பண்ணுவீங்க? எடம் இல்லன்னு தமிழ்ல போடுங்க. போடற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

பின்னால் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். நாளைக்கு அவர்கள் பிள்ளைக்கும் அதே சிவப்பு எழுத்துதானே. மேடம் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குரூப்பில் டைப் அடித்தார். 'இடம் இல்லாததால் கீழ்க்கண்ட மாணவர்களைச் சேர்க்க இயலவில்லை.' வருத்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து மகளிடம் போனைக் காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னாள்: "மறுபடியும் எம்பேர போட வெச்சியாப்பா? மொதல்ல பாக்காதவங்களும் இப்ப பாத்திருப்பாங்க."

பள்ளி மேலிருந்த கோபத்தோடு என் மேலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. இதைப் படிக்கிற பிள்ளைகளே, விரிசல் விட்ட சாமானை ரிஜெக்ட் பண்ணுங்கள். யாராவது லஞ்சம் நீட்டினால் தாராளமாக ரிஜெக்ட் பண்ணுங்கள். ஆளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் சொன்னாலும் அது தப்புதான்.

டி.வி. முன்னால் இருந்த மகன், "ஏய் ரி..." என்று வாயெடுத்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அக்கா, ரிமோட்டு" என்றான்.

"கை இருக்குதுல்ல? நீயே எழுந்து எடுத்துக்கடா" என்றாள் அவள்.