பத்துப் புளியங்கொட்டை

மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தவர்களைவிட முதுகைப் பார்த்துக் கதைத்தவர்கள்தான் அதிகம். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லி டொக்டரின் உத்தரவு. எங்கள் கட்டில் கிடந்த மாதிரிக்கு இடப்பக்கம் சுவர். பார்க்க வந்த சனமெல்லாம் வாசலில் நின்று என் முதுகிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, தலைமாட்டைக் கால்மாடாக்கிப் போடச் சொன்னேன்.

"வடக்க தலை வைச்சுப் படுக்கிறேல்லை" என்றார்.

"அப்ப கட்டிலை மற்றச் சுவரோட போடுங்கோ."

"அங்க அலுமாரி நிக்குதல்லோ."

முடிவில் கட்டில் அறையின் நட்டநடுவில் வந்து நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அதில் முழங்காலை அடித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எண்பதாம் ஆண்டை ஒட்டிய காலம் அது. வந்த பிறகு நெல் விளைந்தது, தென்னை காய்த்தது, பிள்ளை மட்டும் தங்கவில்லை. முதல் இரண்டும் எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் போயின. இரண்டு தரமும் எனக்குப் பிறஷர். இரண்டு தரமும், பிள்ளை ஆடவில்லை என்பதை நான் உணரும்போது ஒரு முழு நாள் கடந்திருந்தது. அந்த ஒரு நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே மூன்றாம் தரம், ஆபத்தான பிள்ளைத்தாய்ச்சிகளைத் தனியாகப் பார்க்கும் கிளினிக்கில் என்னைச் சேர்த்தார்கள். என் கிளினிக் மட்டையில் சிவப்பு மையால் பெரிய கோடு ஒன்று இழுத்திருந்தது. அதைக் காட்டினால் வரிசையில் முன்னுக்கு விடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. டொக்டர் ஒரு பெண். குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பா. கேட்டு முடியும்வரை நான் மூச்சுவிட மாட்டேன்.

"பிள்ளை வயித்துக்குள்ள உதைச்சுத் துடிக்கிறதை இனி நீங்கள்தான் எண்ண வேணும்" என்றா. "காலமை எழும்பினதில இருந்து பொழுதுபட முதல் பத்துத் தரம் துடிக்க வேணும். ஒண்டு குறைஞ்சாலும் நாளைக்குப் பாப்பம் எண்டு நிக்காமல் உடன வாங்கோ."

சைக்கிளில் வீடு வீடாக வரும் மருத்துவிச்சி அம்மாவுக்கு என்னை நன்றாகத் தெரியும். "நீர் எண்ணுறன் எண்டு தொடங்கி ஊர்க்கதைக்குள்ள போயிடுவீர். கணக்கு விட்டுப்போம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தகரப் பேணிக்குள்ள போடும்" என்றா. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவா சொன்னது உண்மை.

என் கணவர் பால்மா பேணி ஒன்றின் மூடியில் உண்டியல் மாதிரி ஒரு வெட்டு வெட்டித் தந்தார். கொட்டை போடுவது என் வேலை, திறந்து எண்ணி மட்டையில் பதிவது அவர் வேலை. சூடு அடிக்கும் களத்தில் நெல் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லி அளக்கத் தொடங்குவார். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பையும் அதே முகத்தோடு, லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான் சிரித்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார்.

பிள்ளைக்கும் ஒரு குணம் இருந்தது. மத்தியானம் முழுக்க நித்திரை. கருவாடு பொரிக்கிற மணம் வந்தால் இரண்டு கொட்டை நிச்சயம். எனக்கு உப்பு மறுத்திருந்ததால் அந்த மணத்தை நானும் பிள்ளையும் முகர்ந்துதான் பார்த்தோம். மலைநாட்டிலிருந்து வந்து பக்கத்துக் காணியில் குடியிருந்த ஒருத்தி எங்களுக்குச் சமைத்துத் தந்தாள். என்னைவிட இளையவள். "உப்பில்லாம ஆக்குறது பாவங்க அக்கா" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே ஆக்குவாள். தலையணைக்குக் கீழே நான் ஒளித்து வைத்த ஊறுகாயை எறும்புகள் காட்டிக் கொடுத்தன. மருத்துவிச்சி அம்மா பேசிய பேச்சில் எறும்புகளும் ஓடிவிட்டன.

எட்டாம் மாதம் நடக்கையில் அறுவடை வந்தது. களத்துக்குப் போகும் அன்று, என் கணவர் சமைக்க வந்தவளைக் கூப்பிட்டு, "நான் வரச் சுணங்கினால், பொழுதுபட முதல் பேணியைத் திறந்து எண்ணிச் சொல்லிவிடும்" என்றார்.

அன்று பிள்ளை மந்தமாக இருந்தது. வெக்கைதான் என்று நினைத்தேன். கருவாட்டு மணத்துக்கும் ஒரு கொட்டைதான் விழுந்தது. கொட்டையைப் போட்டதும் மறந்துவிடுவது என் வழக்கம். எண்ணத்தான் ஆள் இருக்கிறதே. ஆனால் பின்னேரம் ஆக ஆக, வயிற்றில் வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

அவள் மூடியைத் திறந்து பாயில் கொட்டி எண்ணினாள். "பத்துங்க அக்கா! சரியா பத்து!"

எனக்கு அழுகை வரப்பார்த்தது. வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "கள்ளப் பிள்ளை, பயப்படுத்திப் போட்டாய்" என்றேன். இரண்டு பேருமாகப் பிளேன்ரீ குடித்தோம்.

விளக்கு வைக்கிற நேரம் என் கணவர் தலை முழுக்க வைக்கோலோடு வந்தார். கால் கழுவிக்கொண்டே, "எத்தினை?" என்றார்.

"பத்துங்க" என்றாள் அவள்.

"அந்த ரெண்டையும் கழிச்சுத்தானே?"

"எந்த ரெண்டு?"

வாளித் தண்ணீர் அவர் கையில் அப்படியே நின்றது. "அடியில நான் ரெண்டு விட்டு வைக்கிறனான். ஒவ்வொரு நாளும் கழிச்சுத்தான் பதியிறனான். வெறும் பேணி வைக்கிறேல்லையெல்லோ."

எங்கள் வீடுகளில் அரிசிப் பானையை வழித்துத் துடைத்து எடுப்பதில்லை. அடியில் ஒரு பிடி கிடக்க வேண்டும். அந்த மனிசன் என் பிள்ளையின் துடிப்பையும் அரிசி என்று நினைத்துவிட்டார்.

பத்தில் இரண்டு போனால் எட்டு.

ட்ரக்டர் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் மெத்தையைப் போட்டு என்னை ஏற்றினார்கள். அவசரத்திலும் இடப்பக்கம்தான். பக்கத்தில் அவள் பேணியை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டுக்குச் சாட்சி சொல்லப் போகிறவள் போல இருந்தாள். "அதை ஏனடி கொண்டாறாய்?" என்றேன். "டாக்டரம்மா கேட்டா காட்டணும்ல?" என்றாள். வாய்க்கால் வரம்பு முடியும்வரை என் கணவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். பெரிய றோட்டில் ஏறியதும் ஏச்சை நிறுத்தினேன். ஏசிக்கொண்டிருந்தால் வயிற்றில் நடப்பது தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. அவ்வளவு பயந்ததும் இல்லை.

கிளினிக் நடக்கும் ஆஸ்பத்திரியில் அதே டொக்டர் குழலை வைத்துக் கண்ணை மூடினா. நெடுநேரம் திறக்கவில்லை.

"இதயத் துடிப்பு இருக்கு" என்றா. "ஆனால் பிள்ளை களைச்சுப் போச்சு. இனி உள்ளுக்கு விடேலாது."

அங்கிருந்து ஆஸ்பத்திரி வான் வண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். போனதும் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நாலு றாத்தல்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்தச் சின்னக் காலால் அவள் கண்ணாடியை உதைத்ததைப் பார்த்தபோது, கை தானாகப் புளியங்கொட்டையைத் தேடியது. விடியட்டும் என்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அங்கிருந்த பெண் டொக்டரிடம் கேட்டேன். அவா என் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனா.

மூன்றாம் நாள் நான் எழுந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கையில், என் கணவர் வந்தார். அவருக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சு நிறைய இருந்தது. சின்னதில் தொடங்குவோம் என்று தொடங்கினேன்.

"வெறுமையா வைக்கக்கூடாது எண்டால் ஒண்டு காணாதோ? அதென்ன ரெண்டு?"

அவர் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "பின்னேரம் எண்ணி முடிச்சு எல்லாத்தையும் எடுக்கேக்கை, அதுகள் ரெண்டையும் வெளியில போட மனம் வரேல்லை" என்றார்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் புதைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் அவர்களைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் திறந்ததில்லை. இந்த மனிசன் ஒவ்வொரு பின்னேரமும் அவர்களை எண்ணி, கழித்து, திரும்பப் பேணிக்குள் வைத்து மூடியிருக்கிறார். சேர்த்து வைத்த ஏச்சையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன்.

"இப்ப அதுகள் எங்க?" என்று கேட்டேன்.

அவர் சேட்டின் நெஞ்சுப் பையைத் தொட்டார்.

"இஞ்சதான். தங்கச்சியைக் காட்ட வேண்டாமோ?"