இடப்பக்கம் வைத்த தட்டுகள்

ராசம்மாள் முப்பத்திரண்டு வருஷம் பால் சொசைட்டியில் பால் பார்த்தவர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையில் இருக்கும் அந்த ஊரில், இன்றைக்கும் யாராவது பாலில் கைவரிசை காட்டினால், "ராசம்மாக்கா சொசைட்டில இருந்திருந்தாத் தெரியும்" என்றுதான் சொல்கிறார்கள். லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். ராசம்மாளும் ஊருக்காக அதைச் செய்தார். தனக்காக, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மோந்தும் பார்த்துவிடுவார். கருவி ஒன்று சொல்லி அவர் ஒன்று சொன்ன நாட்களில், கருவியைத்தான் ரிப்பேருக்கு அனுப்பினார்கள்.

பால் மோசமாக இருந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். கேனைத் தூக்கி மேசைக்கு இடப்பக்கம் வைத்துவிடுவார். இடப்பக்கம் போன கேன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சண்டைக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரம் கத்திப் பார்ப்பார்கள். பேசாத ஆளிடம் எவ்வளவு நேரம் கத்த முடியும்? ஒரு மழைநாளில் சொந்தப் புருஷன் பொங்கியண்ணன் கொண்டுவந்த கேனும் இடப்பக்கம் போயிற்று. கழுவிய கேனைக் கவிழ்த்து வைக்காமல் அடியில் நின்ற தண்ணீரோடு அப்படியே பாலைக் கறந்து ஊற்றியிருந்தார் மனுஷன். அன்று மத்தியானம் அதே பாலில் பாயசம் வைத்து அவருக்கு ஊற்றினார் ராசம்மாள். பொங்கியண்ணன் மூன்று நாள் மனைவியோடு பேசவில்லை. பாயசத்தை மட்டும் இரண்டு தடவை டம்ளரை நீட்டி வாங்கிக் குடித்தார்.

சரி, பால் நன்றாக இருந்தால்? அதற்கு அவரிடம் ஒரே வார்த்தைதான் இருந்தது. "பரவால்ல." அதற்கு மேலே முப்பத்திரண்டு வருஷத்தில் எந்த எருமைக்கும் எந்தச் சீமைப் பசுவுக்கும் அவர் கொடுத்ததில்லை. அதையும் வாரி வழங்கிவிடவில்லை. பத்து மாடு வைத்திருந்த செங்கோட்டையன், ராசம்மாள் வாயால் முதல்முறை 'பரவால்ல' வாங்கிய அன்று, நேரே வீட்டுக்குப் போய் மாட்டுக்கு மாலை போட்டார்.

இப்படிப்பட்ட ராசம்மாள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் நாக்கைச் சுருட்டி வைத்திருந்தார். அந்த ஆள் மருமகன் பிரதீப்.

மாப்பிள்ளையைக் குறை சொல்வது அந்தப் பக்கத்துத் தோட்டக்கார வீடுகளில் நடக்கவே நடக்காது. மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுபோய்த் தென்னையில் மோதினால், தென்னை அங்கே நின்றது தப்பு. அதிலும் பிரதீப் மாமியார் வீட்டிலேயே குடியிருக்கிற மாப்பிள்ளை. மகள் யோகப்பிரியாவுக்குக் கொழிஞ்சாம்பாறை விவசாய அலுவலகத்தில் வேலை. அதனால் அவன் கோயமுத்தூரில் பார்த்த பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, மாடி அறையில் பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்கியிருந்தான். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு ரோஷம் எப்போதும் வாசலிலேயே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் யார் விசாரித்தாலும் ராசம்மாள் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "எங்க மாப்பிள்ளை ரொம்ப நல்லவருங்க."

பழைய மைக் செட்டுக்காரர்கள், மூணாறு எஸ்டேட் பங்களாக்கள், பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று தேடிப்போய்ப் பிரதீப் தட்டுகளை வாங்கி வருவான். படம் எடுத்து, தரம் எழுதி, இணையத்தில் ஏற்றுவான். இந்தத் தொழிலில் தரம் எழுதுவதுதான் எல்லாமே. வாங்குகிறவர் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. எழுதியதை நம்பித்தான் வாங்குகிறார். பிரதீப் நல்ல மனசுக்காரன், அதுதான் தொல்லை. தட்டு பளபளவென்று இருந்தால் அவனுக்குப் போதும். முதல் பாட்டை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிவிட்டு, 'புதுசு மாதிரி' என்று எழுதிவிடுவான்.

ஒரு வருஷத்துக்குள் மூன்று புகார் வந்தால் கடைப் பக்கத்தை மூடிவிடுவோம் என்பது அந்த இணையதளத்தின் சட்டம். இரண்டு வந்துவிட்டன. இரண்டாவதைக் கொடுத்தவர் மூணாற்றில் விருந்தினர் விடுதி நடத்தும் ஜோபி. 'தட்டில் மழை பெய்கிற சத்தத்துக்கு நடுவே நாதஸ்வரம் கேட்கிறது. மூணாற்றில் மழை ஏற்கெனவே போதுமான அளவு பெய்கிறது' என்று எழுதியிருந்தார். மூன்றாவது வந்தால் கடை போயிற்று. கடை போனால் பம்ப் கம்பெனியில் மறுபடி சேர்ந்துவிடுவதாகவும், கோயமுத்தூரில் வீடு பார்க்கலாம் என்றும் பிரதீப் யோகப்பிரியாவிடம் சொல்லியிருந்தான். அதை யோகப்பிரியா அம்மாவிடம் சொன்னாள். ராசம்மாளுக்கு இருப்பது ஒரே மகள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் பேசுவதற்குப் பொங்கியண்ணன் மட்டும்தான் மிச்சம்.

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பதுதான் கொடுமை. மாடி அறைக்குக் கீழேதான் சமையலறை. எந்தத் தட்டில் மூன்று சுற்றுக்கு ஒருமுறை 'டொக்' என்கிறது, எது ஒரே வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் சொல்லிவிடுவார். ஆனால் யாரிடம் சொல்வது? ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை காதில் விழுகிற மாதிரி, "இந்த மிக்சி டொக்கு டொக்குங்குதே, யாராச்சும் கவனிச்சாத் தேவல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிரதீப் இறங்கி வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைக் கொழிஞ்சாம்பாறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்தான். அதற்குப் பிறகுதான் மிக்சி உண்மையிலேயே டொக்கு டொக்கு என்றது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவனே தன் தொழிலின் தர வரிசையை விளக்கினான். மேலே 'மின்ட்', உறை பிரிக்காத தட்டு. அப்புறம் படிப்படியாக இறங்கி 'வெரி குட்', 'குட்'. "ஆனா குட்டுன்னா நல்லதுன்னு நெனச்சுக்காதீங்க அத்தை. குட்டுன்னு எழுதியிருந்தா அந்தத் தட்டு மோசம்னு அர்த்தமுங்க. மரியாதைக்கு அப்படி எழுதறதுங்க."

பொங்கியண்ணனுக்கு இது விளங்கவே இல்லை. நல்லது எப்படி மோசமாகும் என்று ரசம் முடிகிறவரை வாதம் செய்தார். யோகப்பிரியாவுக்கும் பாதிதான் புரிந்தது. ராசம்மாளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. இந்த வரிசையைக் கண்டுபிடித்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு மாப்பிள்ளை இருந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். நினைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜோபி மறுபடி போனில் வந்தார். விடுதிக் கூடத்தில் பாட்டுப்பெட்டி வைத்திருக்கிறாராம், முப்பது தட்டு வேண்டுமாம். இரண்டாம் சனிக்கிழமை கோயமுத்தூர் போய்த் திரும்பும்போது நாலு மணிக்குத் தானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். இந்த முறையும் மழை பெய்தால் மூன்றாவது புகாரும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் செய்துவிடுவார்கள்.

பிரதீப் முப்பதையும் தேர்ந்தெடுத்து, முப்பதிலும் 'புதுசு மாதிரி' என்று சீட்டு ஒட்டி, கூடத்து மேசையில் அடுக்கினான். சனிக்கிழமை காலையில் அட்டைப்பெட்டி வாங்கப் பொள்ளாச்சி போனான்.

ராசம்மாள் மேசைக்கு எதிரே நின்றார். சொன்னால் மாப்பிள்ளை ரோஷப்பட்டுக் கோயமுத்தூர் போய்விடுவார். சொல்லாவிட்டால் புகார் வந்து கோயமுத்தூர் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் பஸ் கோயமுத்தூருக்குத்தான் போகிறது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் தட்டை எடுத்தார்.

விடுமுறையில் வீட்டிலிருந்த யோகப்பிரியா, "அம்மா, வேண்டாம், அவரு வந்தா வம்பாயிரும்" என்று பின்னாலேயே சுற்றினாள். ராசம்மாள் காதில் வாங்கவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் கீறலைத் தொட்டுப் பார்த்தார். கண்ணுக்கு மட்டும் தெரிகிற கீறல் வேறு, நகம் தடுக்குகிற கீறல் வேறு. ஒரு தட்டின் பளபளப்பு அதிகமாக இருந்தது. மோந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். சந்தைக்குக் கொண்டுபோகிற மாட்டுக்குக் கொம்பில் எண்ணெய் தடவுகிற அதே வேலை. எவனோ மைக் செட்டுக்காரன் மாப்பிள்ளை தலையில் கட்டியிருக்கிறான். சந்தேகம் வந்தவற்றை மட்டும் மாடிக்குக் கொண்டுபோய், சமையலறையில் கேட்டு வைத்திருந்த இடங்களில் ஊசியை இறக்கிக் கேட்டார். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. பத்தொன்பது தட்டு மேசைக்கு வலப்பக்கம். பதினொன்று இடப்பக்கம்.

மூன்றே காலுக்குப் பிரதீப் பெட்டிகளோடு உள்ளே வந்தான். மேசையைப் பார்த்தான். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகி ஆறு வருஷம் ஆகிறது. பொங்கியண்ணன் பாயசக் கதையைப் பதினைந்து தடவையாவது கேட்டிருக்கிறான். இடப்பக்கம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாதா?

"ஏனுங்க அத்தை, இதெல்லாம் நல்லா இல்லீங்களா?"

ராசம்மாளுக்குப் பழக்கதோஷம் முந்திக்கொண்டது. "நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ளை."

பிரதீப் இடப்பக்க அடுக்கைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், மறுபடி அடுக்கைப் பார்த்தான். நல்லா இருக்கிறதாம், இடப்பக்கம் இருக்கிறதாம். அவன் முகம் மெதுவாக மாறுவதை ராசம்மாள் கண்ணால் பார்த்தார். தொழில் தெரிந்தவனுக்குத் தரம் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப ஊரெல்லாம் என்னைய நல்லவருன்னு சொல்றீங்களே, அதும் இந்த நல்லதுதானுங்களா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் பொய்த் தரம் எழுதாத ராசம்மாள், ஏற்கெனவே நேராக இருந்த வலப்பக்க அடுக்கை மறுபடி நேராக்கினார். பிரதீப் பெட்டிகளைக் கீழே வைத்தான். மேசைக்கு இடப்பக்கம் போய், அந்தப் பதினொரு தட்டுக்கும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான். பன்னிரண்டாவது தட்டு மாதிரி.

யோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் வந்தது. பொங்கியண்ணன் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. இதற்கு மேல் மரியாதை பார்த்தால் மகளும் போய்விடுவாள், மாப்பிள்ளையும் போய்விடுவார் என்று ராசம்மாளுக்குத் தோன்றியது. ஆறு வருஷமாக விழுங்கி வைத்திருந்ததை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நீங்க எந்தத் தட்டையும் முழுசாக் கேக்கறதில்லீங்க. மொதப் பாட்டுல ரண்டு நிமிசம் கேட்டுப்போட்டு எழுதிப்போடறீங்க. நான் தொட்டுப் பாக்காம ஒரு சொம்புப் பாலக்கூட எழுதுனதில்லீங்க. நீங்க பண்றது தப்புங்க."

மாப்பிள்ளையைப் பார்த்துத் தப்பு என்று ஒரு மாமியார் சொன்னது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் பொங்கியண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

பிரதீப் இடப்பக்க அடுக்கைத் தொட்டு, "அப்ப இதெல்லாம் என்னங்க?" என்றான்.

"தண்ணிங்க மாப்பிள்ளை."

அவன் பக்கென்று சிரித்துவிட்டான். அடுக்கிலிருந்த பதினொரு சீட்டையும் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே கிழித்தான்.

நாலு மணிக்கு ஜோபியின் ஜீப் வந்தது. முப்பது கேட்டவருக்குப் பத்தொன்பதுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் தேறாது என்று பிரதீப் வாய் கூசாமல் சொன்னான். தன் சரக்கைத் தானே தேறாது என்று சொல்கிற வியாபாரியை ஜோபி ஏற இறங்கப் பார்த்தார். அத்தை சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு, அந்தப் பத்தொன்பதுக்கும் அவன் பழைய சீட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு படி கீழேயே தரம் எழுதி ஒட்டியிருந்தான். அடுத்த வாரம் இணையத்தில் ஜோபியிடமிருந்து செய்தி வந்தது. 'எழுதியதைவிடத் தட்டுகள் நன்றாக இருக்கின்றன. அடுத்த முறை சரியாக எழுதவும்' என்று இருந்தது. அது புகாரா இல்லையா என்று பிரதீப் இரண்டு நாள் குழம்பிக் கிடந்தான். இணையதளம் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் மாடியில் ஒவ்வொரு தட்டும் இரண்டு பக்கமும் கடைசி வரை ஓடுகிறது. இது தாங்காமல் பொங்கியண்ணன் பகல் தூக்கத்தை மோட்டார் அறைக்கு மாற்றிக்கொண்டார். கோயமுத்தூர் வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஒன்று: பிரதீப் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ராசம்மாள் பதில் சொல்லவில்லை, அவனும் மறுபடி கேட்கவில்லை. ஊரில் யாராவது "மாப்பிள்ளை எப்படிங்க" என்றால் ராசம்மாள் பேச்சை மழைக்கும் புண்ணாக்குக்கும் திருப்பிவிடுவார். 'நல்லவர்' என்ற வார்த்தை அந்த வீட்டில் செல்லாத நோட்டாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்த கமலாத்தாள் தயிருக்கு உறைமோர் வாங்க வந்தார். மாடு வைத்திராத, சொசைட்டி வாசலை மிதித்திராத ஆள். மோரை வாங்கிக்கொண்டு, மேலே நிமிர்ந்து பார்த்து, "உங்க மாப்பிள்ளை எப்படீங்க?" என்றார்.

மாடியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. யாரோ ஊசியைத் தூக்கியிருக்கிறார்கள்.

ராசம்மாள் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். மழையைப் பற்றிப் பேசவில்லை.

"பரவால்லீங்க," என்றார்.

கமலாத்தாள் முகம் வாடிவிட்டது. ராசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். அந்த வீட்டில் மாப்பிள்ளையோடு ஏதோ மனஸ்தாபம் என்று சாயங்காலத்துக்குள் நாலு தோட்டத்துக்குச் சொல்லியும் முடித்துவிட்டார்.

மாடியில் ஊசி மறுபடி இறங்க ரொம்ப நேரமாயிற்று. எட்டிப் பார்த்த யோகப்பிரியா, பிரதீப் தட்டைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்கிறான் என்று வந்து சொன்னாள். மாட்டுச்சாலையில் பால் கறந்துகொண்டிருந்த பொங்கியண்ணன் மட்டும் எழுந்தே வந்துவிட்டார்.

"கல்யாணமாயி முப்பத்தெட்டு வருசமாச்சு. எனக்கு ஒருக்காக்கூட அதச் சொன்னதில்லியே?"

"மொதல்ல கேனைக் கழுவிக் கவுத்து வெய்ங்க," என்றார் ராசம்மாள். "அப்பறம் பாக்கலாமுங்க."